கூடி நடந்த பிள்ளைகள்: பாடசாலைப் பயணங்களுக்குத் தொன் பொஸ்கோ காட்டிய வழி

பாடசாலையில் சுற்றுலா என்ற அறிவித்தல் வந்ததும் நம் இல்லங்களில் இரண்டு விதமான பேச்சு எழுவது வழக்கம். "ஒரு நாட் படிப்பு வீணாகப் போகிறதே" என்பது ஒன்று. "பிள்ளை ஆசைப்படுகுது, போய் வரட்டும்" என்பது மற்றது. முதலாவது பேச்சு பயணத்தை நட்டக் கணக்கில் எழுதுகிறது. இரண்டாவது அதனைப் பிள்ளைக்குக் கொடுக்கும் இனிப்புப் பண்டமாக எண்ணுகிறது. பிள்ளைகளை வெளியே கூட்டிச் செல்வதும் கல்வியின் ஒரு பகுதியே என்று கண்டு, அதைச் செய்தும் காட்டியவர் புனித யோவான் பொஸ்கோ. 1877ஆம் ஆண்டில் தமது கல்வி முறையை விளக்கி அவர் வெளியிட்ட சிறு நூலில், ஓடுவது, குதிப்பது, இசை, நாடகம், வெளிநடைப் பயணம் ஆகியன நல்லொழுக்கத்தைப் பேணவும் உடல் நலத்தைக் காக்கவும் மிகப் பயனுள்ள வழிகள் என்று எடுத்துரைத்துள்ளார். பயணத்தை ஒழுக்கம் வளர்க்கும் வழிகளுள் ஒன்றாக அவர் வைத்தமை நமது கவனத்துக்குரியது.

ஆனால் எல்லாப் பயணமும் அப்பயனைத் தருவதில்லை. ஐம்பது பிள்ளைகளை ஒரு பஸ்வண்டியில் ஏற்றி இறக்கினால் ஐம்பது பேரும் ஒரு குடும்பமாகிவிடுவர் என்று நினைப்பது தவறு. பயணம் பிள்ளைகளை ஒன்று சேர்ப்பதும் உண்டு. இருக்கும் பிரிவுகளை இன்னும் ஆழமாக்குவதும் உண்டு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எங்கே இருக்கிறது? தொன் பொஸ்கோவின் பயணங்களை ஆராய்ந்தால் விடை கிடைக்கும்.

1. கூரை இல்லாத பள்ளி

இத்தாலிய மொழியில் குருக்களை மரியாதையாகத் 'தொன்' என்று அழைப்பர். நாம் 'சுவாமி' என்பது போல. பொஸ்கோ 1815ஆம் ஆண்டு ஆவணி 16ஆம் நாள், இத்தாலியின் வடமேற்கிலுள்ள பெக்கி என்னும் சிற்றூரில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன் தந்தையை இழந்தார். 1841ஆம் ஆண்டு குருவாகித் தூரின் நகருக்கு வந்த அவர் கண்டது என்ன? மலைக் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த சிறுவர்கள், கட்டடங்களில் கல் சுமப்பவர்களாகவும் மேசன்மாரின் கையாட்களாகவும் உழைத்துக்கொண்டிருந்தனர். உற்றார் அருகில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போக்கிடம் இல்லை. களவுக்கும் சண்டைக்கும் பழகி, பலர் சிறையிற் கிடந்தனர்.

அவ்வாண்டு மார்கழி 8ஆம் நாள் தொடங்கி அவர் இச்சிறுவரை ஞாயிறு தோறும் ஒன்று கூட்டினார். பூசை, மறைக்கல்வி, எழுத்து வாசிப்பு, விளையாட்டு எல்லாம் நடந்தன. ஆனால் நிலையான இடம் மட்டும் கிடைக்கவில்லை. சிறுவர் தொகை பெருகப் பெருகச் சத்தமும் பெருகியது, அயலவர் முறையிட்டனர். ஓரிடத்தில் சில மாதம், மற்றோரிடத்தில் சில வாரம் என்று, கல்லறைக் கோவில், மாவாலைகள், வாடகை வீடு, திறந்த வயல் எல்லாம் மாறி மாறி அலைந்தனர். 1846ஆம் ஆண்டு சித்திரை 12ஆம் நாள், உயிர்ப்புத் திருநாளன்றுதான் வல்தொக்கோ என்னுமிடத்தில் ஒரு கொட்டில் அவர்களுக்கு நிலையாக வாய்த்தது.

அலைந்து திரிந்த அக்காலத்தில் வீதியும் குன்றுமே அவர்களின் பள்ளிக்கூடமாயின. நகரைச் சுற்றியிருந்த திருத்தலங்களுக்குச் சிறுவரை நடத்திக் கூட்டிச் சென்றார். ஆகவே அவருடைய பயணங்கள் வசதியுள்ளோரின் பொழுதுபோக்காகப் பிறந்தவையல்ல. இருக்க இடமில்லாத பிள்ளைகளுக்கு, 'நாமெல்லாரும் ஒன்றாக இருக்கும் இடமே நம் வீடு' என்ற உணர்வை ஊட்டுவதற்காகப் பிறந்தவை.

2. சுப்பெர்கா குன்றுக்கு ஒரு நடை

இவற்றுள் ஒரு பயணத்தைத் தொன் பொஸ்கோ தமது நினைவுக் குறிப்புகளில் விரிவாக வரைந்திருக்கிறார். தூரின் நகருக்குக் கிழக்கே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 670 மீற்றர் உயரத்தில் சுப்பெர்கா என்னும் குன்று இருக்கிறது. அதன் உச்சியில், 1706ஆம் ஆண்டு நகர் முற்றுகையிலிருந்து மீண்டமைக்கு நன்றியாக மன்னர் ஒருவர் நேர்ந்து கட்டிய பெரிய மாதா கோவில் உண்டு.

சிறுவர்கள் பாணும் பாற்கட்டியும் பழமும் கூடைகளிற் சுமந்து, மேளமும் ஊதுகுழலும் கித்தாரும் கொண்டு புறப்பட்டனர். வாத்தியங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஆனாலும் பிள்ளைகளின் குரல் சேர்ந்தபோது அது இனிய இசையாகவே ஒலித்தது என்கிறார். குன்றின் அடிவாரத்தில், அவர் ஏறி வருவதற்கென ஒரு குதிரையும், மேலே சாப்பாடு ஆயத்தமாக இருக்கிறது என்ற கடிதமும் காத்திருந்தன. அங்குள்ள குருக்கள் செய்த ஏற்பாடு அது. சிறுவர் ஆரவாரித்துக் குதிரையைச் சூழ்ந்துகொண்டனர். உச்சியை அடைந்து பசியாறியதும், அவர்களைச் சுற்றி இருத்தி அக்கோவில் எழுந்த வரலாற்றைச் சொன்னார். பின் செபமும் சிறு பிரசங்கமும் நடந்தன. காகிதக் கூண்டுகளை வெப்பக் காற்றால் வானில் மிதக்கவிட்டு மகிழ்ந்தனர்.

திரும்பும் காட்சி இன்னும் கவனிக்கத்தக்கது. நகரை அண்மித்ததும் பாட்டு நின்றது. வழியில் அவரவர் வீடு வந்தபோது ஒவ்வொருவராகப் பிரிந்து சென்றனர். கடைசியில், பயணச் சாமான்களைச் சுமந்தபடி வலிமை மிக்க ஏழெட்டு இளைஞர் மாத்திரம் அவருடன் வந்து சேர்ந்தனர்.

இச்சிறு நிகழ்ச்சியில் ஒரு முழுப் பாடமே அடங்கியிருக்கிறது. சுமை பகிரப்பட்டது, உணவு பொதுவாக இருந்தது. போன இடத்தின் வரலாறு கற்பிக்கப்பட்டது. இறைவனுக்குரிய நேரமும் விளையாட்டுக்குரிய நேரமும் ஒன்றையொன்று விரட்டவில்லை. வலிமையுள்ளவன் கடைசி வரை சுமந்தான். குருவானவர் அவர்கள் நடுவே இருந்தார்.

3. இலையுதிர்கால நெடும் பயணங்கள்

பிற்காலத்தில் வல்தொக்கோவில் விடுதியும் பாடசாலையும் தொழிற்கூடங்களும் எழுந்தன. அப்போதும் பயணங்கள் நிற்கவில்லை, இன்னும் நீண்டன. இத்தாலியில் ஐப்பசி மாதம் திராட்சை அறுவடை முடியும் காலம். அந்நாட்களில் அது பாடசாலை விடுமுறைக் காலமாகவும் இருந்தது. பெக்கியில் தொன் பொஸ்கோவின் தமையனார் யோசேப்பின் வீட்டில் 1848ஆம் ஆண்டு செபமாலை மாதாவுக்கு ஒரு சிறு கோவில் அமைக்கப்பட்டது. அது முதல் ஆண்டுதோறும் ஐப்பசித் திருநாளுக்காகச் சிறுவர் குழுவொன்றை அங்கு கூட்டிச் செல்வது வழக்கமாயிற்று.

1859ஆம் ஆண்டிலிருந்து பெக்கியைத் தளமாகக் கொண்டு மொன்பெராத்தோ மலைநாட்டின் ஊர்களுக்குப் பல நாள் நடைப்பயணங்கள் ஒழுங்கு செய்யப்பட்டன. ஏறத்தாழ நூறு சிறுவர் சென்ற ஆண்டுகளும் உண்டு. செல்லும் பாதையை முன்கூட்டியே வகுத்து, ஒவ்வொரு ஊர்ப் பங்குக் குருவுக்கும் கடிதம் எழுதித் தங்குமிடத்துக்கும் உணவுக்கும் வழி செய்தார். சிறுவரின் வாத்தியக் குழு முழங்கியபடி ஊருக்குள் நுழையும். ஊரார் வந்து கூடுவர். கோவிலில் பாடல் வழிபாடும் நற்கருணை ஆசீரும் நடைபெறும். இரவு ஊர் நடுவே மேடை கட்டிச் சிறுவர்கள் நகைச்சுவை நாடகம் நடிப்பர். படுக்கை பெரும்பாலும் வைக்கோல்தான். காலையில் பூசை கண்டு அடுத்த ஊருக்கு நடை.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று: இப்பயணத்துக்குச் செல்லும் தகுதியை நன்னடத்தையும் முயற்சியும் தந்தன, தகப்பனின் பணப்பை தரவில்லை. மற்றொன்று: அவர்கள் ஊரார் கையிலிருந்து உண்டார்கள், அதற்கு ஈடாக இசையும் நாடகமும் செபமும் கொடுத்தார்கள். வெறும் பார்வையாளராக ஓரூருக்குப் போய், குப்பையைப் போட்டுவிட்டுத் திரும்பவில்லை. சென்ற ஊருக்கு ஒரு திருநாளைக் கொண்டு சென்றார்கள்.

பலன் என்ன? 1854ஆம் ஆண்டு ஐப்பசி 2ஆம் நாள், தொன் பொஸ்கோ தம் சிறுவருடன் பெக்கியில் தங்கியிருந்த வேளையில், பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் தன் தந்தையுடன் அவரைக் காண வந்தான். அவனே பின்னாளில் புனிதராக உயர்த்தப்பட்ட தொமினிக் சாவியோ. 1864ஆம் ஆண்டின் பயணம் புகைவண்டியில் ஜெனோவாத் துறைமுக நகர் வரை சென்று, திரும்பும் வழியில் மொர்னேசே என்னும் மலையூரை அடைந்தது. அங்கே, ஏழைப் பெண்பிள்ளைகளுக்குத் தையல் கற்பித்துக்கொண்டிருந்த மரியா மசரெல்லோ என்ற 27 வயது மங்கை தொன் பொஸ்கோவைச் சந்தித்தார். எட்டு ஆண்டுகளின் பின், 1872ஆம் ஆண்டு, அவரைத் தலைவியாகக் கொண்டு சலேசியக் கன்னியர் சபை உதித்தது. பெண்பிள்ளைகளின் கல்விக்காக உலகெங்கும் பணிபுரியும் ஒரு சபையின் தொடக்கத்தில், பாடசாலைச் சிறுவரின் நடைப்பயணம் ஒன்று இருக்கிறது. நெடும் பயணங்களுள் கடைசியானதும் அதுவே.

சலேசிய சபையில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு ஒன்றும் உண்டு. 1855ஆம் ஆண்டில், தூரினிலிருந்த சிறுவர் சிறைச்சாலையின் பிள்ளைகளைக் காவலர் இல்லாமலே ஒரு நாட் பயணம் கூட்டிச் செல்ல அமைச்சர் ரத்தாத்சியிடம் அனுமதி பெற்று, ஸ்துப்பினீஜி என்னுமிடத்துக்கு அவர் கூட்டிச் சென்றாராம். மாலையில் ஒருவர் தவறாமல் எல்லாரும் திரும்பி வந்தனராம். காவலனின் தடி செய்யாததை நம்பிக்கை செய்தது என்பதே இவ்வரலாறு எமக்குச் சொல்லும் கருத்து.

4. வெளியில் நிகழும் மாற்றம்

வகுப்பறையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. கணக்கிற் கெட்டிக்காரன் முன் வாங்கில். திக்கித் திக்கி வாசிப்பவன் பின் வாங்கில். ஆண்டு முழுவதும் அந்த ஒழுங்கு மாறுவதில்லை. வெளியே போனதும் அது கலைந்துவிடுகிறது. காற்றடிக்கும் வெட்டையில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டத் தெரிந்தவன் யார்? தகப்பனோடு கடலுக்கோ வயலுக்கோ போய்ப் பழகிய பின் வாங்குப் பையன்தான். கயிற்றில் முடிச்சுப் போடவும், வானத்தைப் பார்த்து மழை வருமென்று சொல்லவும், கால் நொந்த சின்னவனைத் தோளிற் சுமக்கவும் அவனால் முடியும். முதன் முறையாக மற்றவர்கள் அவனிடம் கேட்டுப் பழகுகிறார்கள். அவனும் தன்னை வேறு கண்ணாற் பார்க்கத் தொடங்குகிறான். முன் வாங்குப் பிள்ளையோ, தனக்குத் தெரியாததும் உலகில் உண்டென்று கற்றுக்கொள்கிறான். இருவருக்கும் இலாபமே.

இதை உணர்ந்தே பேடன் பவல் 1907ஆம் ஆண்டு ஆவணியில் இங்கிலாந்தின் பிறவுண்சீ தீவில் சாரணர் பாசறையைப் பரீட்சித்தபோது, பெருஞ் செல்வர் பயிலும் பள்ளிகளின் பிள்ளைகளையும், தொழிலாளர் குடும்பப் பிள்ளைகளையும் ஏறத்தாழ இருபது பேராகச் சேர்த்து, நான்கு சிறு அணிகளாகப் பிரித்தார். நம் இலங்கையில் 1912ஆம் ஆண்டு சாரணீயம் முதன்முதல் வேரூன்றியதும் ஒரு கிறிஸ்தவப் பாடசாலையில்தான். மாத்தளை கிறைஸ்ற் சேர்ச் கல்லூரி அது. யேசு சபைக் குருவான சாக் செவேன் 1920ஆம் ஆண்டு பிரான்சில் கத்தோலிக்க சாரணர் இயக்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். சிறு அணி, பொதுவான வேலை, திறந்த வெளி என்ற மூன்றும் பிள்ளைகளைப் பிணைக்கும் என்பதை இவர்கள் யாவரும் கண்டுகொண்டனர்.

இது நமக்குப் புதிதுமன்று. ஆவணித் திருநாளுக்கு மடுவில் குடும்பம் குடும்பமாகத் தங்குவோர், பக்கத்துக் கூடாரத்தாருக்கு உப்பும் நெருப்பும் கொடுத்து, ஒரே இடத்தில் தண்ணீர் எடுத்து, பிரியும்போது உறவினராகவே பிரிவதை நாம் அறிவோம். வீட்டு மதில்கள் இல்லாத இடத்தில் மனிதர் நெருங்குவர்.

5. வீட்டில் நின்றுவிட்ட பிள்ளை

இனி நமது சுற்றுலாக்களை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்போம். கட்டணம் அறிவிக்கப்படுகிறது. பெயர் கொடுத்தவர்களை எண்ணுகிறோம்; கொடாதவர்களைப் பற்றிக் கேட்பதில்லை. பஸ்வண்டியில் முன்பே நண்பரானவர்கள் ஓரிடத்தில் இருக்கிறார்கள். மத்தியானம் ஒருவன் கோழிப் பொரியலை மறைத்து உண்ண, மற்றவன் தன் சோற்றுப் பார்சலை மறைத்து உண்கிறான். ஆசிரியர்கள் வேறிடத்தில் வேறு சாப்பாடு உண்கிறார்கள். திரும்பி வந்து ஒரு வாரம் அதே பேச்சு. போகாத பிள்ளை அப்பேச்சின் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்.

பெற்றாரே, ஆசிரியரே, "எனக்குப் போக விருப்பமில்லை" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை உடனே நம்பிவிடாதீர்கள். வீட்டில் பணமில்லை என்பதை அறிந்த பிள்ளை, அம்மாவை வருத்தக்கூடாதென்றும், வகுப்பில் வெட்கப்படக்கூடாதென்றும் சொல்லும் வார்த்தையாக அது இருக்கலாம். அன்றைக்கு வயிற்று வலி என்று வீட்டிற் படுத்திருக்கும் பிள்ளைக்கு, தான் படிக்கும் பாடசாலை தன்னுடையதல்ல என்ற எண்ணம் மெல்ல மெல்லப் பதிந்துவிடும். மறைக்கல்விப் பாடத்தில் நாம் எல்லாரும் ஒரே குடும்பம் என்று கற்பித்துவிட்டு, சுற்றுலாவன்று அக்குடும்பத்திற் சிலரை வெளியே நிறுத்தினால், பிள்ளைகள் எந்தப் பாடத்தை நம்புவார்கள்? செயலாற் படிப்பித்த பாடத்தையே நம்புவார்கள்.

6. செய்யக்கூடியவை

இக்குறையைத் தீர்க்கப் பெருந்தொகைப் பணம் வேண்டியதில்லை, முன்யோசனை வேண்டும்.

முதலாவது, வகுப்பில் மிக ஏழைக் குடும்பம் எவ்வளவு கொடுக்க முடியுமோ அதிலிருந்து திட்டத்தைத் தொடங்குங்கள். தொலைதூரம் செல்ல இயலாவிட்டால் பக்கத்துக் குளக்கரைக்கோ கடற்கரைக் கோவிலுக்கோ நடந்து செல்லுங்கள். தொன் பொஸ்கோவின் சிறுவரை இணைத்தது போன தூரமல்ல. உதவி தேவைப்படும் பிள்ளைக்கு அதைப் பிறர் அறியாமற் செய்யுங்கள்.

இரண்டாவது, பொதுச் சமையல். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சுண்டு அரிசி, ஒரு தேங்காய், இரண்டு கத்தரிக்காய் என்று இயன்றதை வாங்கிச் சேர்த்து ஒரே பானையிற் சமைத்தால், யார் எதைக் கொண்டு வந்தார் என்பது சோற்றில் தெரியாது. பிள்ளைகளே விறகெடுத்து, காய் நறுக்கி, பாத்திரம் கழுவட்டும். ஆண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, ஆறு பேர் கொண்ட கலப்பு அணிகள். பெரியவரும் சிறியவரும், கெட்டிக்காரரும் பின்தங்கியவரும் ஓரணியில் இருக்கட்டும். அணியில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே அணியின் வேகம் என்று விதி வையுங்கள்.

நான்காவது, ஆசிரியர் பிள்ளைகளோடு இருப்பது. 1884ஆம் ஆண்டு வைகாசி 10ஆம் நாள் உரோமையிலிருந்து எழுதிய கடிதத்தில் தொன் பொஸ்கோ மிகவும் வருந்தியது இதைக் குறித்தே: ஆசிரியர்கள் பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, தாம் நேசிக்கப்படுகிறோம் என்பதைப் பிள்ளைகள் உணர வேண்டும், விளையாட்டு நேரத்தில் அவர்களோடு கலந்திராதவரிடம் அவர்கள் மனந் திறக்கமாட்டார்கள் என்பது அக்கடிதத்தின் சாரம். ஒரே பானைச் சோற்றை உண்டு, அதே வெயிலில் நடந்த ஆசிரியரின் சொல்லுக்கு மறுநாள் வகுப்பிலும் மதிப்பிருக்கும்.

ஐந்தாவது, சென்ற ஊருக்கு ஏதாவது கொடுங்கள். கோவில் வளவைக் கூட்டுதல், முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டுப் பாடுதல், ஒரு மரக்கன்று நடுதல் போன்ற சிறு பணி போதும்.

ஆறாவது, பாதுகாப்பு. அன்பு கவனத்தைக் குறைப்பதல்ல, கூட்டுவது. பெற்றாரின் எழுத்து மூல அனுமதியும் பிள்ளைகளின் நோய் விபரமும் கையிலிருக்க வேண்டும். புறப்படும்போதும் ஒவ்வொரு தரிப்பிலும் பெயர் கூப்பிட வேண்டும். கடலும் குளமும் வெளியே அமைதியாகத் தோன்றினும் ஆழமறியாத பிள்ளைக்கு ஆபத்தானவை. நீந்தத் தெரிந்த பெரியவர்கள் காவல் நில்லாத இடத்தில் எவரும் தண்ணீரில் இறங்கக்கூடாது. இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம்.

ஏழாவது, மாலையில் அரைமணி நேரம் வட்டமாக இருந்து, இன்று யார் எனக்கு உதவினார் என்று ஒவ்வொருவரும் பெயர் சொல்லிக் கூறட்டும். பின் சிறு செபம். அன்று வரை எவரும் பெயர் சொல்லாத பிள்ளையின் பெயர் அந்த வட்டத்தில் ஒலித்தால், பயணத்தின் நோக்கம் நிறைவேறிற்று எனலாம்.

நம் ஆண்டவரும் தமது சீடருக்குப் பெரும்பாலும் வழி நடையிலேதான் கற்பித்தார். வயலோரத்தில் நடந்தார், படகில் அவர்களோடு சென்றார், களைத்தவர்களைத் தனிமையான இடத்துக்கு வந்து இளைப்பாறும்படி அழைத்தார், எம்மாவு வழியில் சோர்ந்து போன இருவரோடு நடந்து, பந்தியில் அமர்ந்து அப்பம் பிட்டார். கிறிஸ்தவப் பாடசாலை பிள்ளைகளை வெளியே கூட்டிச் செல்லும்போது இந்தப் பழைய வழியையே பின்பற்றுகிறது. வழியில் எவரையும் விட்டுவிடாமற் செல்வதே அதன் அடையாளமாக இருக்கட்டும்.

குடும்பத்தில் கலந்துரையாட

1. நம் பிள்ளையின் வகுப்பில் கடந்த சுற்றுலாவுக்குப் போகாத பிள்ளைகள் யார்? காரணம் என்னவென்று எப்போதாவது கேட்டோமா?

2. நம் பிள்ளை சுற்றுலாவுக்குக் கொண்டுபோகும் பணமும் உணவும், பக்கத்திலிருக்கும் பிள்ளைக்கு வெட்கத்தை உண்டாக்குமா?

3. வகுப்பிற் பின்தங்கிய, ஆனால் வேறொரு திறமையுள்ள ஒரு பிள்ளையை நாம் அறிவோமா? அத்திறமை வெளிப்பட எங்கே இடமுண்டு?

இவ்வாரச் செயல்: ஞாயிறு பூசை முடிந்ததும், அயலிலுள்ள இரண்டொரு குடும்பத்தின் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, நடந்து போகக்கூடிய ஓரிடத்துக்கு ஒரு நேரச் சாப்பாட்டுடன் சென்று வாருங்கள். சாப்பாட்டை ஒரே பாத்திரத்திற் கொண்டு செல்லுங்கள்.